மடிப்புக்குள் இருந்த கரி

ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு. மேஸ்திரியம்மா தன் நாத்தனாருக்குத் தர வேண்டிய கடன் அது. அந்தக் கடைசி நானூறு எங்கிருந்து முளைத்தது என்று கேட்டால், பம்ப்பைக் கடையிலிருந்து வீட்டுக்கு ஏற்றிவந்த வண்டிக்கூலி. அதையும் நாத்தனார்தான் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கையோடு கடனில் சேர்த்தும் சொல்லிவிட்டாள். சொந்தம் வேறு, கணக்கு வேறு என்பது அவள் கட்சி.

பம்ப் என்றால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் அல்ல. ஆள் இடுப்பு உயரத்துக்குச் சக்கரம் வைத்த சிவப்பு இயந்திரம். அதன் குழாயை இரண்டு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டும். ஒருத்தர் பிடித்தால் ஆளையே தூக்கி அடித்துவிடும். நிலக்கரி ஏற்றிவந்த கப்பலின் வயிற்றுச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் கரியைப் பழைய துருவோடு சேர்த்து உரித்துத் தள்ளும்.

அது வந்த பிறகுதான் அவளை எல்லாரும் மேஸ்திரியம்மா என்றார்கள். அதற்கு முன் அவளும் கூலியாள்தான். மேஸ்திரியாக இருந்தது அவள் புருஷன், அதுவும் வேறொரு காண்ட்ராக்டருக்குக் கீழே. பாலைத் தான் குடித்துவிட்டுப் பாத்திரம் கழுவின தண்ணீரைக் கூலியாட்களுக்கு ஊற்றுகிற மனிதர் அந்தக் காண்ட்ராக்டர். ஒரு நாள் கப்பல் ஏணியில் கால் வழுக்கி விழுந்ததில் புருஷனுக்கு இடுப்பு போயிற்று. காண்ட்ராக்டர் ஒரு தடவை வந்து பார்த்தார், உச்சுக் கொட்டினார், போனார். அதன்பின் புருஷன் வீட்டோடு ஆனார். சமையல் அவர் பங்கு, குழாய்களுக்கு வாஷர் மாற்றுவதும் அவர் பங்கு. மேஸ்திரியம்மா ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு கப்பல் மேனேஜ்மென்ட் கம்பெனியின் படியேறி, "எங்களுக்கே நேரா வேலை குடுங்க சார்" என்று கேட்டாள். "சொந்தமா மெஷின் இருக்கா?" என்றார்கள். இல்லை என்று திரும்பி வந்தவள், கடன் வாங்கிக்கொண்டு, இருக்கு என்று போய் நின்றாள்.

அந்தக் கம்பெனியின் வேலை என்னவென்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் புரியாது. "கப்பல் அவங்களோடதா?" என்று கேட்பார்கள். அவர்களுடையது இல்லை. கப்பலுக்குச் சொந்தக்காரர் எங்கேயோ ஒரு ஊரில் இருப்பார். கப்பலைக் கண்ணால் பார்த்திருப்பாரோ என்னவோ. அவருக்காக அதைக் கட்டி மேய்ப்பது இந்தக் கம்பெனி. கேப்டனிலிருந்து சமையல்காரர் வரைக்கும் ஆள் போடுவது, அவர்களுக்குச் சம்பளம் தருவது, எஞ்சினுக்கு உதிரி பாகம், சமையலறைக்கு அரிசி, ரிப்பேர், இன்சூரன்ஸ், சான்றிதழ் என்று அத்தனையும் இவர்கள் தலையில். மேஸ்திரியம்மா அதை ஒரே வரியில் சொல்லிவிடுவாள். "பெத்தவ ஒருத்தி, வளர்க்கிறவ ஒருத்தி. பிள்ளைக்கு மூக்கு ஒழுகினா வளர்க்கிறவளுக்குத்தானே தெரியும்?"

இப்போது அப்படி ஒரு கப்பல் வந்தது. வயிற்றில் சரக்குப் போட ஐந்து கிடங்கு. கொண்டுவந்தது நிலக்கரி, ஏற்றிப்போக வேண்டியது கோதுமை. கரி கிடந்த வயிற்றில் மனிதர் தின்கிற தானியம் போக வேண்டும் என்றால், சர்வேயர் ஒருவர் வந்து இறங்கிப் பார்த்து, சுத்தம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கப்பல் சும்மா நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளும் சொந்தக்காரருக்கு நஷ்டம், கம்பெனிக்குக் கெட்ட பெயர்.

கம்பெனியில் அந்தக் கப்பலைப் பார்த்துக்கொள்கிற சூப்பிரண்டெண்ட் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "மேஸ்திரியம்மா, இது உங்களோட முதல் கப்பல். ஒரே தடவையில பாஸ் ஆச்சுன்னா முழு பில்லும் அந்த வாரமே கைக்கு வரும். இந்தத் துறைமுகத்துக்கு வர்ற நம்ம கப்பல் எல்லாமே இந்த வருஷம் உங்களுக்குத்தான். ஃபெயில் ஆச்சுன்னா பாதி பில்லு. அடுத்த கப்பலுக்கு நான் பழைய காண்ட்ராக்டரைத்தான் கூப்பிடணும். என் கையில இல்ல."

முழு பில் வந்தால் கடன் தீரும். பாதி வந்தால், ஆட்கள் கூலிக்குத்தான் சரியாக இருக்கும்.

நாத்தனார் வீட்டுக்கு வந்தது அந்தச் சேதி வந்த அன்று மாலைதான். அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஆயத்த ஆடை ஃபேக்டரியில் தலை நரைக்கும்வரை செக்கராக இருந்தவள். தைத்து வருகிற சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் பிரிந்தது, பட்டன் சாய்ந்தது என்று குறை கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. "அக்காவுக்கு அது வேலை இல்ல, பிறவிக் குணம். ஃபேக்டரிக்காரன் தெரியாம சம்பளம் வேற குடுத்துட்டான்" என்பார் புருஷன். வேலையை விட்டபோது வந்த மொத்தப் பணத்திலிருந்துதான் பம்ப்புக்குக் கொடுத்திருந்தாள்.

"வாங்க அண்ணி. உட்காருங்க."

"உட்கார வரல. பம்ப்பைப் பார்க்க வந்தேன்."

பம்ப் படுக்கையறை மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. நாத்தனார் போர்வையை விலக்கி, சக்கரத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"கட்டின புருஷனுக்குக்கூட இப்படிப் போர்த்திவிட மாட்டே."

"அவர் ராத்திரி உதைச்சுத் தள்ளிடுவார் அண்ணி. இது தள்ளாது."

சமையலறையிலிருந்து புருஷன் குரல் கொடுத்தார். "அக்கா, டீ போடறேன், குடிச்சிட்டுப் பேசு."

"உன் டீயைக் குடிச்சா கடனை மறந்துடுவேன்னு நினைப்பா? சர்க்கரை கம்மியா போடு." மேஸ்திரியம்மா பக்கம் திரும்பினாள். "இங்க பாரு. கார் கழுவற கடைக்காரர் ஒருத்தர் இந்த பம்ப்பைக் கேட்டிருக்கார். நல்ல விலை தர்றார். மாசம் முடியட்டும்னு சொல்லியிருக்கேன். மாசம் முடிஞ்சா ஒண்ணு என் காசு வரணும், இல்லேன்னா என் பம்ப் வரணும்."

"கப்பல் முடிஞ்சதும் தந்துடறேன் அண்ணி."

"கப்பல் முடிஞ்சுதா, கவுந்துதான்னு எனக்கு யார் சொல்றது? என் காசு தண்ணியா ஓடப்போகுது. நான் வீட்ல உக்காந்து விரல் விட்டு எண்ணணுமா?"

புருஷன் டீயோடு வந்தார். வாய் சும்மா இருக்காத மனிதர். "அவ ஆளுங்கள்ல ஒருத்திக்குக் காய்ச்சல். ஒரு கை குறையுது. நீயே போய்ப் பக்கத்துல நின்னு பார்த்துக்கோயேன் அக்கா."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நாத்தனார் டீயை ஒரே மூச்சில் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

கம்பெனியில் எல்லாருக்கும் பாதுகாப்புப் பாடம் நடத்தித்தான் அனுமதிச் சீட்டு தருவார்கள். தலைக்கவசம் போடணும், இடுப்புக் கயிறு மாட்டணும், மூடிக்கிடந்த கிடங்கில் காற்று சரியா என்று அளந்து பார்க்காமல் இறங்கக் கூடாது. மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நாத்தனார் மட்டும் கையைத் தூக்கி, "இந்த இடுப்புக் கயிறுல தையல் பிரிஞ்சிருக்கு, வேற குடுங்க" என்றாள். பாடம் நடத்தியவர் வாங்கிப் பார்த்தார். பிரிந்துதான் இருந்தது. மாற்றிக் கொடுத்தார். கூட்டத்தில் உயரத்தில் தொங்கி வேலை செய்கிறவனை எல்லாரும் வௌவால் என்பார்கள். அவன் மேஸ்திரியம்மா காதில் கிசுகிசுத்தான். "அக்கா, கப்பலையே திருப்பி அனுப்பிடப் போறாங்க உங்க நாத்தனார். பார்த்துக்கோங்க."

கப்பல் கிடங்கு என்றால் சின்ன அறை இல்லை. மூன்று மாடி வீட்டை அப்படியே உள்ளே இறக்கி வைத்தாலும் மேலே இடம் மிச்சம் இருக்கும். சுவரெல்லாம் இரும்பு விலா எலும்புகள். ஒவ்வொரு எலும்புக்குப் பின்னாலும் கரி. நாத்தனார் இறங்கினாள். ஓவரால் அவளுக்குத் தொளதொளவென்று இருந்ததால், முந்தின நாளே கையையும் காலையும் மடித்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஏணியின் கடைசிப் படியில் நின்று சுற்றிப் பார்த்து, "இதை எல்லாமா கழுவணும்?" என்றாள். குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் காற்று இறங்கியிருந்தது.

"எல்லாமேதான் அண்ணி. வெள்ளைத் துணியால துடைச்சா துணி வெள்ளையாவே இருக்கணும்."

மேஸ்திரியம்மாவின் கூட்டம் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. மேலிருந்து கீழே. முதலில் கிடங்கின் இரும்பு மூடிகள், பிறகு சுவரின் உச்சி, பிறகு இடுப்பு, கடைசியில் தரை. முதலில் கடல் தண்ணீர், முடிவில் உப்புப் போக நல்ல தண்ணீர். முடித்து ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறுவார்கள். கடைசியாக ஏறுகிறவர் தான் மிதித்த படியைத் துடைத்துக்கொண்டே ஏற வேண்டும். அந்தக் கடைசி ஆள் எப்போதும் மேஸ்திரியம்மாதான். பழைய காண்ட்ராக்டரிடம் இருந்த காலத்தில், "யாரு பார்க்கப்போறா, சீக்கிரம் வா" என்று மேலேயிருந்து அவர் கத்துவார். துடைக்காமல் அவள் ஏறியதில்லை.

பம்ப் அந்த மூன்று நாளும் சிங்கம் மாதிரி உறுமியது. வௌவால் உச்சியில் தொங்கிக்கொண்டு அடிக்க, கரி கறுப்பு மழையாகக் கொட்டியது. முன்பெல்லாம் மூங்கில் கழியில் துணி கட்டித் தேய்த்து ஒரு கிடங்கு முடிக்க எடுக்கும் நேரத்தில் இப்போது இரண்டு முடிந்தன. மூடிகளைத்தான் முன்பு ரொம்பப் பாடுபட்டுத் துடைப்பார்கள். மூடியின் விளிம்பு சுற்றிலும் தண்ணீர் புகாமல் இருக்க ரப்பர் பட்டை பதித்திருக்கும். அந்த ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் விரல் நுழைகிற மடிப்பு. இந்தத் தடவை அதற்கும் பம்ப்தான். ஒரு அடி, தண்ணீர் தெளிவாக வழிந்தது, அடுத்த மூடி. பம்ப்பை வாங்கியதன் பலனை மேஸ்திரியம்மா கண்குளிரப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் பம்ப் பக்கத்தில் காவல் நின்றாள். யாராவது குழாயை இழுத்தால், "மெதுவா, மெதுவா, அது என் காசு" என்றாள்.

மூன்றாம் நாள் மாலை ஐந்து கிடங்கும் முடிந்தன. மழை வருகிற மாதிரி இருந்ததால் மூடிகளை இறக்கி மூடினார்கள். மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு மேல் சர்வேயர் வருகிறார் என்று சேதி.

மறுநாள் காலையில் மூடிகளைத் திறந்தார்கள். திறந்தால் ஒவ்வொரு மூடியும் இரண்டாக மடிந்து, டெக்கில் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். எல்லாரும் கிடங்கின் உள்ளே எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் மட்டும் உள்ளே பார்க்கவில்லை. நின்ற மூடியின் ஓரத்துக்குப் போய், ரப்பர் மடிப்புக்குள் சுண்டுவிரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். விரலைத் தூக்கிக் காட்டினாள். மை தொட்ட மாதிரி இருந்தது.

"ஏம்மா, இங்க வா. இது என்ன?"

மேஸ்திரியம்மா பார்த்தாள். "அது வழிஞ்ச தண்ணி அண்ணி. அங்க எல்லாம் பம்ப்பால அடிச்சாச்சு."

"அடிச்சதுதான் உள்ள போய் உக்காந்திருக்கு. மடிப்பைப் பார்த்து அடிச்சா அழுக்கு வெளியவா வரும்? உள்ளதான் ஓடும். ராத்திரி மூடி அழுத்தினதும் கக்குது. சட்டையில குறை எங்க இருக்கும்னு நினைக்கிறே? முதுகுலயா? மடிப்புலதான்."

மேஸ்திரியம்மா தன் விரலை விட்டாள். கரி. இன்னும் தள்ளி விட்டாள். கரி. அடுத்த கிடங்கின் மூடிக்கு ஓடினாள். அங்கேயும் ஈரக் கரி, தார் மாதிரி. துணியைச் சுற்றி விரலால் துடைத்த காலத்தில் இந்த மடிப்பில் ஒரு நாளும் கரி நின்றதில்லை. கையில் புதுப் பம்ப் வந்ததும், கை மறந்துவிட்டது. மற்றவர்கள் அடித்துவிட்டு வந்தார்கள், தனக்குத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. "அடி, போதும், அடுத்தது" என்று பக்கத்தில் நின்று சொன்னது அவள்தான்.

வௌவால் மெதுவாக வந்து நின்றான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சர்வேயர் கிடங்குக்குள்ள இறங்குவார். சுவரைத் தடவுவார். டார்ச் அடிப்பார். இந்த மூடியோட மடிப்பை நோண்டிப் பார்க்கவா போறார்? வாயை மூடிட்டு இருந்தா பாஸ்."

அவன் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். அவள் அண்ணாந்து மூடியைப் பார்த்தாள். இதை இன்னும் இரண்டு தடவை மூடித் திறந்தால் கரி உள்ளே சொட்டும். கடலில் போகும்போது கப்பல் குலுங்கும். கீழே கோதுமை இருக்கும். சொல்லிவிட்டால் இன்றைக்கு முடியுமா என்று தெரியாது. முடியாவிட்டால் பாதி பில், பம்ப் கார் கழுவப் போகும், அவள் மறுபடியும் பழைய காண்ட்ராக்டரின் கீழே கூலிக்குப் போவாள். சொல்லாவிட்டால் ஒரு வேளை எல்லாம் கிடைக்கும். கிடைத்ததை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கப்பலிலும் கடைசி ஆளாகப் படியைத் துடைத்துக்கொண்டு ஏறுவதற்கு என்ன அர்த்தம்?

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வௌவால், இருக்கிற துணியை எல்லாம் எடுத்து வை" என்று சொல்லிவிட்டு மேஸ்திரியம்மா சூப்பிரண்டெண்டைத் தேடிப் போனாள்.

அவர் கப்பலின் ஆபீஸ் அறையில் இரண்டு காதிலும் போனோடு இருந்தார். ஒன்றில், எஞ்சின் உதிரி பாகம் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது என்று யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தார். இன்னொன்றில், ஒரு மாலுமியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அவனை இன்றைக்கே விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும், மாற்று ஆள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாலேயே உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சார், வேலை முடியல."

அவர் இரண்டு போனையும் வைத்தார். "நேத்து முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். தப்பு. மூடி மடிப்புல கரி இருக்கு. பம்ப்பால அடிச்சு உள்ள தள்ளிட்டோம்."

"எத்தனை மூடி?"

"அஞ்சு கிடங்கும் சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். "சர்வேயரை நாளைக்கு மாத்தட்டுமா?" என்று கேட்டார்.

"மாத்தினா?"

"கப்பலுக்கு ஒரு நாள் போகும். அது உங்க பில்லுலதான் கழியும். எனக்கு வேற வழி இல்ல."

"மாத்தாதீங்க சார். மடிப்புக்கு மெஷின் ஆகாது, விரல்தான் வேணும். என் ஆளுங்களையும் என்னையும் சேர்த்தா எட்டுப் பேரு. இன்னும் விரல் குடுங்க, முடிச்சுடலாம்."

"நம்ம கம்பெனி சொந்தக்காரருக்கு வாக்கு குடுத்திருக்கு, ஒரே தடவையில பாஸ்னு" என்றார் அவர், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு எழுந்து போசனைக் கூப்பிட்டார். போசன் என்றால் டெக் மாலுமிகளுக்குத் தலைவர். ஆள் கதவை நிறைத்துக்கொண்டு நிற்பார்.

"பையன்களுக்கு ராத்திரி வேலை சார். ஓய்வு நேரத்துல எழுப்பக் கூடாது" என்றார் போசன்.

"எழுப்ப வேண்டாம். அது சட்டம், தாண்ட மாட்டேன். முழிச்சு வேலையில இருக்கிறவங்க எத்தனை பேரு?"

"என்னோட சேர்த்து ஆறு."

"அந்த ஆறு பேரும் இப்ப மேஸ்திரியம்மா சொல்றதைக் கேக்கணும்."

போசன் மேஸ்திரியம்மாவை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். "விரல்ல துணி சுத்தித் துடைக்கணும், அவ்வளவுதானே? வீட்ல பிள்ளைக்குக் காது துடைச்சிருக்கேன். வாங்க."

துணிதான் போதவில்லை. கப்பலின் சமையல்காரர் பழைய படுக்கை விரிப்புகளை ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார். நாத்தனார் டெக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரிப்பின் ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரே இழுப்பில் சர்ரென்று கிழித்தாள். அளவு பிடித்த மாதிரி ஒரே அகலத்தில் பட்டைகள் விழுந்தன. கிழித்து முடித்ததும் யாரும் கேட்காமலே எழுந்து, துடைத்த இடத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொருவர் பின்னாலும் போய், மடிப்புக்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விடுவாள். துணி வெள்ளையாக வந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள். கறுப்பு தெரிந்தால் ஒரே வார்த்தை. "ரிஜெக்ட்."

மாலுமிகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை ரிஜெக்ட் ஆனதும் சிரிப்பு நின்றது.

"அம்மா, இது பளபளன்னு இருக்கே" என்றார் போசன்.

"பளபளப்பு வெளியில. மூலையைப் பாருங்க. ரிஜெக்ட்."

"நான் இந்தக் கப்பல்ல போசன்மா."

"இருங்களேன், யார் வேண்டாம்னா? மூலையைத் துடைச்சிட்டு இருங்க."

வௌவால் சிரித்த சிரிப்பில் பிடித்திருந்த கயிறு ஆடியது. "என்ன பல்லைக் காட்டறே? உன்னுது மூணு இடத்துல ரிஜெக்ட்" என்று நாத்தனார் மேலே பார்த்துச் சொன்னாள். மேஸ்திரியம்மா துடைத்த இடத்துக்கும் வந்தாள். விரலை விட்டாள். பரீட்சையே எழுதாத மேஸ்திரியம்மாவுக்கு அன்றைக்குத்தான் பரீட்சை என்றால் என்னவென்று தெரிந்தது. துணி வெள்ளையாக வந்தது. நாத்தனார் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போனாள்.

சாப்பாட்டு நேரத்தில் யாரும் சாப்பிடவில்லை. சூப்பிரண்டெண்ட் சட்டைக் கையை மடித்துவிட்டு நான்காவது கிடங்கின் மூடியில் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் ஒரு ரிஜெக்ட் விழுந்தது. கடைசி மடிப்பைத் துடைத்தபோது சர்வேயர் கப்பலின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்.

ஒல்லியான மனிதர். வெள்ளைக் கையுறை, கையில் டார்ச், வாயில் பேச்சே கிடையாது. ஒவ்வொரு கிடங்காக இறங்கினார். இரும்பு எலும்புகளின் பின்னால் கை விட்டுத் தடவினார். தரையின் ஓரத்தில் இருக்கிற வடிகால் குழியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சுவரில் ஏதோ மருந்து இரண்டு சொட்டு விட்டு, உப்பு இருக்கிறதா என்று பார்த்தார். மருந்து வெளுத்துப் பால் மாதிரி ஆனால் உப்பு, ஆகவில்லை. மேஸ்திரியம்மா மேலே கிடங்கின் வாயில் நின்று, அவர் தொடுகிற இடத்தையெல்லாம் தன் மனசாலும் தொட்டுக்கொண்டு நின்றாள். ஐந்தாவது கிடங்கிலிருந்து ஏறி வந்தார். டெக்கில் நின்று கையுறையைக் கழற்றினார். கையுறை வெள்ளையாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "நல்ல வேலை" என்று மட்டும் சொன்னார். ஏணியில் இறங்கிப் போய்விட்டார்.

மூடியின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டமே ஓவென்று கத்தியபோது, நாத்தனார் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்ன செக்கர் இவரு? மடிப்பையே பார்க்கலையே! எங்க ஃபேக்டரியா இருந்தா முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. கூப்பிடுங்க அவரை. ஏய் வௌவால், ஓடிப்போய்க் கூப்பிடு. பார்த்துட்டுப் போகச் சொல்லு."

"அண்ணி, அண்ணி, விடுங்க அண்ணி" என்று மேஸ்திரியம்மா அவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. "அவர் பார்க்கலைன்னா என்ன? நாம பார்த்துட்டோமே."

சூப்பிரண்டெண்ட் போனில் கப்பல் சொந்தக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் சத்தத்தில் அவர் குரலை உயர்த்திப் பேச, எல்லாருக்கும் கேட்டது. "ஆமா சார், ஒரே தடவையில. அஞ்சும் பாஸ். வெளியாளுங்களா? இல்ல சார், நம்ம ஆளுங்க." அந்த ஒரு வார்த்தைக்கு மேஸ்திரியம்மாவுக்குக் கண் கலங்கியது. எத்தனையோ கப்பலில் கரி தின்றிருக்கிறாள். 'அந்த ஆளுங்க' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். 'நம்ம ஆளுங்க' என்று ஒருத்தர் சொல்லி, அதுவும் கடல் தாண்டி இருக்கிற முதலாளியிடம் சொல்லி, அவள் கேட்டதில்லை.

மறுநாள் பம்ப்பை எடுத்துப்போக வண்டிக்கு நிற்கும்போது கோதுமை கிடங்குக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. பெரிய குழாயிலிருந்து பொன்னிறமாகக் கொட்டியது. கூட்டம் முழுக்கக் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தது. "யாரோ எங்கேயோ திங்கப் போறாங்க. நம்மளைத் தெரியவே தெரியாது அவங்களுக்கு" என்றான் வௌவால்.

"வாயில கரி படாம திங்கறாங்க இல்ல? அது போதும்" என்றாள் மேஸ்திரியம்மா.

சொன்னபடி அந்த வாரமே பில் முழுசாக வந்தது. கூடவே ஒரு கடிதம்: இந்த வருஷம் இந்தத் துறைமுகத்துக்கு வருகிற கம்பெனிக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் கிடங்கு சுத்தம் செய்கிற வேலை மேஸ்திரியம்மாவின் கூட்டத்துக்கு. ஆட்களுக்குக் கூலியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவளும் புருஷனும் நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏறுவதற்குள் நாத்தனார் கதவைத் திறந்து வைத்துவிட்டாள்.

மேஸ்திரியம்மா பணத்தை மேஜையில் வைத்தாள். பக்கத்தில் தனியாக ஒரு கவர்.

"இது என்ன?"

"உங்க கூலி அண்ணி. நாலு நாளு."

"நான் என் பம்ப்புக்குக் காவல் வந்தேன். கூலிக்கு வரல."

"காவலுக்கு வந்தவங்க எதுக்குப் போசனை ரிஜெக்ட் பண்ணினீங்க?"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை இறுக்கிக்கொண்டு கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கடன் பணத்தை எண்ணினாள். எண்ணி முடித்து, மறுபடியும் எண்ணினாள்.

புருஷனுக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, கூடப் பிறந்தவன்தானே நான். பார்த்து ஏதாவது கொஞ்சம் விட்டுக் குடேன். இவ ராப்பகலா உழைச்சிருக்கா."

"நீ சும்மா இருங்கிறேன்" என்றாள் நாத்தனார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மேஸ்திரியம்மா.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.

"விட்டுக் குடுக்கறதுக்கு இவ என்ன இல்லாதவளா?" என்றாள் நாத்தனார். "காண்ட்ராக்டர். வருஷம் பூரா கப்பல் வச்சிருக்கிறவ. முன்ன மாதிரி கூலிக்குப் போறவளா இருந்தா யோசிச்சிருப்பேன். இப்ப ஒரு காசு குறைச்சாலும் அது இவளுக்கு மரியாதை இல்ல."

வாழ்நாளில் அந்த வீட்டில் மேஸ்திரியம்மா கேட்ட முதல் புகழ்ச்சி அது. அதுவும் பில் போட்டு வாங்கிக்கொண்டு சொன்னது. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

நாத்தனார் பணத்தைக் கட்டி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். கார் கழுவுகிற கடைக்காரருக்குப் போன் போட்டு, "பம்ப் விக்கறதுக்கு இல்ல. அது என்னுது இல்ல, வேற ஒருத்தருது" என்று சொல்லி வைத்தாள். பிறகுதான் திரும்பி உட்கார்ந்தாள்.

"தீர்ந்துச்சு."

"தீர்ந்துச்சு அண்ணி" என்றாள் மேஸ்திரியம்மா.